சிறு பவளத் தொட்டியின் நீர்ச் சமநிலை

பவளத் தொட்டி என்பது பவளப்பாறைச் சூழலைச் சேர்ந்த உயிரினங்களைக் கடல்நீரில் வளர்க்கும் கண்ணாடித் தொட்டி ஆகும். பவளங்களும், பாறைமேல் இளஞ்சிவப்பு நிறத்தில் படரும் சுண்ணப் பாசியும், சிப்பி, நத்தை போன்றவையும் நீரிலுள்ள கால்சியத்தையும் கார்பனேட்டையும் எடுத்துத் தம் கூட்டையோ ஓட்டையோ கட்டுகின்றன. கடலில் இந்த எடுப்பு கணக்கில் வராது. நூறு லிட்டருக்கும் குறைவான தொட்டியிலோ நான்கு நாட்களுக்குள் அளவுமானியில் தெரியும். எனவே குறைந்ததை வெளியிலிருந்து சேர்க்க வேண்டியுள்ளது. பட்டினியால் அழிந்த சிறு தொட்டிகளைவிட, அளக்காமல் ஊற்றியதால் அழிந்தவையே மிகுதி எனலாம்.

இயற்கைக் கடல்நீரின் அளவுகள்

உப்புத்தன்மை 35 உள்ள கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 410 மி.கி. கால்சியமும் 1,280 மி.கி. மக்னீசியமும் உள்ளன. அதன் காரத் தாங்குதிறன் சுமார் 7 டி.கே.எச். ஆகும். காரத் தாங்குதிறன் என்பது பி.எச். அல்ல. அமிலம் சேர்ந்தால் நீர் எவ்வளவு தாங்கும் என்பதை அது காட்டுகிறது. கடல்நீரில் அந்தத் தாங்குதலைப் பெரும்பாலும் பைகார்பனேட்டும் கார்பனேட்டும் தருகின்றன. தொட்டிகளில் கால்சியம் 400 முதல் 450, காரத் தாங்குதிறன் 7 முதல் 10, மக்னீசியம் 1,250 முதல் 1,350 என்ற எல்லைக்குள் வைத்திருப்பது வழக்கம். எல்லைக்குள் எந்த எண் என்பதைவிட, அந்த எண் நாளுக்கு நாள் மாறாமல் இருப்பது முக்கியம்.

மார்த்தாண்டம் பகுதியில் நீர்

கன்னியாகுமரி மாவட்டத்தின் விளவங்கோடு வட்டத்திலுள்ள மார்த்தாண்டத்திலிருந்து கடற்கரை தொலைவில் இல்லை. ஆயினும் பக்கத்துக் கடல்நீரை அப்படியே தொட்டியில் ஊற்றுவதில் ஒரு சிக்கல் உண்டு. குழித்துறை வழியே ஓடும் தாமிரபரணி தேங்காப்பட்டணத்தில் கடலில் கலக்கிறது. தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் பெய்யும் மாவட்டம் இது. ஆற்றில் வெள்ளம் வரும் நாட்களில் பொழிமுகத்தின் அருகே உப்புத்தன்மை இறங்கிவிடும். உப்புத்தன்மை 30 ஆக இருந்தால், கெடாத நல்ல கடல்நீரிலும் கால்சியம் 350 என்றும் காரத் தாங்குதிறன் 6 என்றும்தான் சோதனை காட்டும். இதைக் கால்சியக் குறைபாடு என்று எண்ணி மருந்து ஊற்றுவது தவறு. அங்கே குறைவது உப்பு. ஆகவே வேறு எதையும் அளக்கும் முன் உப்புத்தன்மையை அளந்து சரிசெய்ய வேண்டும்.

ஆவியாகிப் போன நீருக்கு ஈடாக நன்னீர்தான் ஊற்ற வேண்டும், கடல்நீர் அல்ல, உப்பு ஆவியாவதில்லை. செம்மண், சரளைப் பாங்கான நிலத்துக் கிணற்று நீர் பொதுவாக மென்னீர் என்றாலும், அதில் நைட்ரேட்டு, பாஸ்பேட்டு இருக்கக்கூடும். பாஸ்பேட்டு மிகுந்தால் பவளத்தின் சுண்ணக்கூடு வளர்வது தடைப்படும். வீட்டு ஆர்.ஓ. இயந்திரத்தின் நீர் நல்லது என்ற நம்பிக்கையிலும் கவனம் தேவை. குடிநீரின் சுவைக்காகப் பல இயந்திரங்கள் வடிகட்டாத நீரில் ஒரு பங்கைக் கலக்கின்றன. சிலவற்றில் செம்பு சேர்க்கும் குடுவையும் உண்டு. மனிதருக்குக் கேடில்லாத அந்தச் செம்பு இறாலுக்கும் நத்தைக்கும் பவளத்துக்கும் நஞ்சு. அந்தக் குடுவைக்கு முன்னதாகவே நீரைப் பிரித்தெடுப்பது பாதுகாப்பானது.

மணவாளக்குறிச்சிப் பகுதியின் கருமணலைத் தொட்டியில் பரப்பினால் காரத் தாங்குதிறன் உயரும் என எதிர்பார்க்க இடமில்லை. இல்மனைட்டு, சிர்க்கான் போன்ற கனிமங்கள் கொண்ட அந்த மணல், சிப்பித்தூளைப் போலச் சுண்ணம் அன்று.

இரண்டும் சேர்ந்தே குறையும்

சுண்ணக்கூடு கால்சியம் கார்பனேட்டால் ஆனது. ஆகவே கால்சியமும் காரத் தாங்குதிறனும் ஒரு நிலையான விகிதத்தில் குறைகின்றன: காரத் தாங்குதிறன் 1 டி.கே.எச். இறங்கும்போது கால்சியம் லிட்டருக்குச் சுமார் 7 மி.கி. மட்டுமே இறங்கும். வீட்டுச் சோதனைப் பெட்டிகள் பல கால்சியத்தைப் பத்து மி.கி. படிகளில்தான் காட்டுகின்றன. எனவே கால்சியம் மாறவில்லை என்று தோன்றும் வாரத்திலேயே காரத் தாங்குதிறன் ஆபத்தான அளவுக்கு இறங்கியிருக்கலாம். அன்றாடம் பார்க்க வேண்டியது காரத் தாங்குதிறனையே.

ஒரு கணக்கு இதைத் தெளிவாக்கும். 60 செ.மீ. நீளமும் 40 செ.மீ. அகலமும் 40 செ.மீ. உயரமும் கொண்ட தொட்டியின் கொள்ளளவு 96 லிட்டர். பாறை, மணல், மேல் இடைவெளி போக உண்மையான நீர் சுமார் 80 லிட்டர்தான் இருக்கும். 96 என்று கொண்டு மருந்து கணக்கிட்டால் ஒவ்வொரு முறையும் ஐந்தில் ஒரு பங்கு கூடுதலாக விழும். திங்களன்று 8.0 டி.கே.எச். இருந்து, எதுவும் சேர்க்காமல் வியாழனன்று 7.1 ஆனால், நாள் இழப்பு 0.3. இதை ஈடுசெய்ய நாளொன்றுக்கு 0.7 கிராம் ஆப்பச் சோடா போதும். கூடவே 0.6 கிராம் கால்சியம் குளோரைடு, நீரேறிய படிக வகை, தேவைப்படும். தேக்கரண்டியால் அள்ளிப் போடும் அளவுகள் அல்ல இவை. இரண்டையும் தனித்தனிக் குப்பிகளில் கரைத்து மில்லிலிட்டர் கணக்கில் ஊற்றுவதே நடைமுறை.

இரண்டு கரைசலையும் ஒன்றாக ஊற்றக் கூடாது. ஊற்றினால் பால்போல் வெண்மை கலங்கி, சேர்த்த இரண்டும் சுண்ணமாகப் படிந்து வீணாகும். ஒன்றை ஊற்றி அரை மணி நேரமாவது கழித்து, நீரோட்டம் மிகுந்த இடத்தில் மற்றதை ஊற்றலாம். இவ்விரண்டும் வினைபட்டபின் நாளொன்றுக்கு அரை கிராம் அளவு சாதாரண உப்பு தொட்டியில் மிஞ்சுகிறது. ஓராண்டில் அது 180 கிராமைத் தாண்டும். வாரந்தோறும் பத்தில் ஒரு பங்கு நீரை மாற்றுவதன் ஒரு பயன் இந்தச் சேர்மானத்தை அகற்றுவது. நீர் மாற்றம் மட்டுமே கால்சியத்தையும் ஈடுசெய்துவிடும் என்பது சரியன்று: தொட்டி 7, புதுநீர் 10 டி.கே.எச். என்றால் ஒரு மாற்றத்தில் கிடைப்பது 0.3 மட்டுமே, மேற்கண்ட தொட்டியின் ஒரு நாள் தேவை.

சுண்ணாம்புத் தெளிநீர்

அக்கானி புளிக்காமலிருக்கப் பனைக் கலயத்தின் உள்ளே பூசும் நீற்றிய சுண்ணாம்புதான் உலகெங்கும் பவளத் தொட்டிகளில் பயன்படும் பழைய மருந்து. கால்சியத்தையும் காரத் தாங்குதிறனையும் தேவையான அதே விகிதத்தில் அது தருகிறது, உப்பு மிஞ்சுவதில்லை. லிட்டருக்கு ஏறத்தாழ ஒன்றரை கிராம்தான் கரையும். கலக்கி, மூடி, தெளியவிட்டு, மேல்நீரை மட்டும் எடுக்க வேண்டும். மேலே படரும் ஆடை காற்றிலுள்ள கரியமில வாயுவால் உண்டாவது. வெள்ளையடித்த சுவர் இறுகுவதும் இதே வினையால்தான். வெற்றிலைச் சுண்ணாம்பில் வேறு பொருட்கள் சேர்ந்திருக்கலாம் என்பதால் உணவுத் தரமோ ஆய்வகத் தரமோ உள்ள தூளே ஏற்றது.

மேற்சொன்ன 80 லிட்டர் தொட்டிக்கு நாளொன்றுக்குச் சுமார் 210 மி.லி. தெளிநீர் போதும். ஆனால் அதன் பி.எச். 12-க்கும் மேல். ஒரே மூச்சில் ஊற்றினால் உயிர்கள் வெந்துவிடும். சொட்டுச் சொட்டாக, இரவில் விடுவது நல்லது. இரவில் உயிரினங்களின் மூச்சால் பி.எச். இயல்பாகவே தாழ்ந்திருக்கும். தெளிநீர்க் குடுவையைத் தொட்டி மட்டத்துக்கு மேலே வைத்து, குழாயின் முனையை நீருக்குள் விடுவது பெரும் ஆபத்து: மோட்டார் நின்ற பிறகும் குடுவை முழுவதும் தானே இறங்கிவிடக்கூடும்.

மக்னீசியமும் பிறவும்

கடல்நீரில் கால்சியமும் கார்பனேட்டும் தாமாகப் படியாமல் தடுப்பது மக்னீசியம். அது 1,100-க்குக் கீழே போனால், எவ்வளவு ஊற்றினாலும் மற்ற இரண்டும் நிற்காது. சூடேற்றியிலும் மோட்டாரிலும் வெண்படிவம் ஏறும். முதலில் மக்னீசியத்தை உயர்த்திய பிறகே மற்றவற்றைத் தொட வேண்டும். அயோடின், ஸ்ட்ரான்சியம் எனக் கடையில் வரிசையாக நிற்கும் குப்பிகளுக்குத் தனிச் சோதனை இல்லாதவரை இடமில்லை. பி.எச். தாழ்ந்திருந்தால் பி.எச். உயர்த்தும் தூளைத் தேடும் முன் சன்னலைத் திறந்து பார்க்கலாம். மூடிய அறையில் தேங்கும் கரியமில வாயுவே பல வேளைகளில் காரணம்.

காரத் தாங்குதிறன் 5-க்கு இறங்கிவிட்ட தொட்டியையும் ஒரே நாளில் 8-க்கு ஏற்றலாகாது. நாளுக்கு 1 டி.கே.எச். என்பதே மேல் வரம்பு.

சட்ட நிலை

1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தில் கல் பவளங்கள் அனைத்தும், கடல் விசிறிகளும், 2001-இல் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. கடலிலிருந்து அவற்றை எடுப்பதும் விற்பதும் குற்றம். சுண்ணாம்புக்காகப் பவளப்பாறை வெட்டப்பட்ட மன்னார் வளைகுடாவில் இரு தீவுகள் நீரில் மூழ்கின. அங்கே 1986-இல் கடல்சார் தேசியப் பூங்கா அமைந்தது. எனவே வீட்டுத் தொட்டிகளில் சுண்ணம் எடுப்பவை பெரும்பாலும் சுண்ணப் பாசியும் நத்தைகளும்தான். அவற்றின் தேவை குறைவு. மீன் மட்டும் உள்ள தொட்டிக்கு நீர் மாற்றமே போதுமானது. மார்த்தாண்டத்துக்கு அருகே, கேரள எல்லைக்கு அப்பால் விழிஞ்ஞத்திலுள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மையத்தில் கோமாளி மீன் போன்ற அலங்காரக் கடல்மீன்கள் முட்டையிலிருந்தே வளர்க்கப்பட்டுள்ளன. இவ்வாறு பொரித்து வளர்த்த மீன்களை வாங்கினால், பாறையிலிருந்து பிடித்தவற்றை நாட வேண்டியதில்லை.