காணி விலைப்படும்போது செய்கைக்காரரின் நிலை என்ன?

1990இலும் 1995இலும் வலிகாமத்தை விட்டு வெளியேறிய கமக்காரக் குடும்பங்கள் எல்லாரிடமும் காணி உறுதி இருக்கவில்லை. காணிக்காரரின் வாய்ச்சொல்லை நம்பி வாரத்திற்கோ குத்தகைக்கோ செய்தவர்கள் பலர். ஊர் திரும்பும்போது காணிக்காரர் வெளிநாட்டில் இருக்கிறார். அற்றோணித் தத்துவம் பெற்றவர் காணியை விற்க நிற்கிறார். "இனி எங்களுக்கு ஒரு உரிமையும் இல்லையா?" என்று எம்மிடம் கேட்கின்றனர். அது வயலா, தோட்டமா என்பதை நாம் முதலில் பார்க்க வேண்டும்.

வயல் செய்பவருக்கு 1958ஆம் ஆண்டின் நெற்காணிச் சட்டம் முதல் பாதுகாப்பு உண்டு. இன்று நடைமுறையில் இருப்பது 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டம். இதன்படி வயலை விற்க விரும்பும் காணிக்காரர் அதனைச் செய்கைக்காரருக்கே முதலில் எழுத்தில் அறிவிக்க வேண்டும். வயல் கைமாறினாலும் செய்கை உரிமை அழியாது. வெளியேற்றப்பட்டால் கமநல அபிவிருத்தித் திணைக்களத்தில் முறையிடலாம், விசாரணை நடைபெறும்.

செம்மண் தோட்டக்காணிக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. தேசவழமையில் முதலில் வாங்கும் உரிமை உண்டே என்பர் சிலர். 1947ஆம் ஆண்டுச் சட்டப்படி அது கூட்டுச் சொந்தக்காரர், உரித்தாளர் போன்றோருக்கே உரியது, குத்தகைக்காரருக்கு அன்று. ஆகவே எழுத்திலான குத்தகை உடன்படிக்கையே அவருக்குத் துணை. நிற்கும் பயிர், கட்டிய முற்பணம், அறுவடைக்கான தவணை ஆகியவை பற்றி மத்தியஸ்த சபையில் பேசித் தீர்க்கலாம். 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டப்படி அமைந்த இச்சபை தீர்ப்பு வழங்குவதில்லை. இரு பகுதியாரையும் இணங்க வைக்கவே முயலும். இணக்கம் ஏற்படாவிடின் அதற்குரிய சான்றிதழைத் தரும். அதனுடன் நீதிமன்றம் செல்லலாம்.

எங்கு சென்றாலும் முதலில் கேட்கப்படுவது ஆதாரமே. கமநல சேவை நிலையத்தின் காணி இடாப்பில் உங்கள் பெயர் உண்டா என்று பாருங்கள். இல்லையெனில் பதிவுக்கு விண்ணப்பியுங்கள். குத்தகைப் பற்றுச்சீட்டு, ஏக்கர் வரிச் சீட்டு, உர மானியப் பதிவு ஆகியவற்றைச் சேர்த்து வையுங்கள். இடம்பெயர்ந்த பதிவும் கிராம அலுவலரின் கடிதமும் முக்கியமானவை. நீங்கள் காணியைக் கைவிட்டுப் போகவில்லை, போரினால் வெளியேற நேர்ந்தது என்பதை அவை காட்டும்.

வெறுங்கடதாசியில் கையொப்பம் இடாதீர்கள். காணிக்காரர் நல்லவரானாலும் வாய்ச்சொல்லோடு விடாதீர்கள். அவருக்குப் பின் காணியை வாங்குபவர் உங்களை அறியமாட்டார்.