ஒரு வாத்தும் உயிரோடு தப்பாத ஊர்!

"ஞாயித்துக்கிழமைதானே... ரூம்ல படுத்து நல்லா தூங்குங்க" என்றார் கூட வந்த சீனியர்.

2024 நவம்பரில் பத்து நாள் டிரெயினிங்குக்காக ஆபீஸில் என்னை ஷாங்காய்க்கு அனுப்பியிருந்தார்கள். நடுவில் ஒரே ஒரு ஞாயிறு. தூங்குவதற்கு அம்பத்தூர் போதாதா? பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டு நான்ஜிங்குக்குக் கிளம்பிவிட்டேன்.

தூரம் சுமார் 300 கிலோமீட்டர். புல்லட் ரயிலில் உட்கார்ந்து, பக்கத்து ஸீட்காரர் சூரியகாந்தி விதைப் பாக்கெட்டை முடிப்பதற்குள் ஊர் வந்துவிட்டது. பாஸ்போர்ட்தான் டிக்கெட். கேட்டில் அதைக் காட்டினால் கதவு திறக்கிறது. (இதைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். ராத்திரி தேவைப்படும்!)

யாங்ட்சீ நதிக்கரை ஊர். 'நான்' என்றால் தெற்கு, 'ஜிங்' என்றால் தலைநகரம். நம்ம 'ஏழாம் அறிவு' போதிதர்மர் ஒற்றை நாணல் மேல் ஏறி யாங்ட்சீயைக் கடந்தது இங்கேதான் என்று ஒரு கதை உண்டு. எனக்கு நாணல் வேண்டியிருக்கவில்லை, மெட்ரோவே இருந்தது.

முதலில் மதில். 1368-ல் மிங் வம்சத்தைத் தொடங்கிய ஜு யுவான்ஜாங், பரம ஏழைக் குடியானவர் வீட்டுப் பிள்ளை. சக்கரவர்த்தி ஆனதும் யாரையும் நம்பவில்லை. ஊரைச் சுற்றி 35 கிலோமீட்டருக்கு மதில் எழுப்பினார். இன்றைக்கும் 25 கிலோமீட்டர் அப்படியே நிற்கிறது. ஜோங்ஹுவா வாசலில் மட்டும் ஒன்றன் பின் ஒன்றாக நாலு கதவு. உள்ளே வீரர்கள் பதுங்க 27 குகைகள்.

செங்கற்களைக் கிட்டப் போய்ப் பார்த்தேன். ஏதோ எழுத்து! செங்கல் எந்த ஊர், பொறுப்பு அதிகாரி யார், அறுத்துச் சுட்டவர் யார்... எல்லாம் பதித்திருக்கிறது. செங்கல் உடைந்தால் ஆளைப் பிடித்துவிடலாம். எங்கள் ஆபீஸில் ஒரு ஃபைல் காணாமல் போனால் கடைசியில் யார் கையில் இருந்தது என்று கண்டுபிடிக்க மூன்று மாதம் ஆகிறது. 650 வருஷத்துக்கு முன்னால் இந்த மனுஷர் ஒவ்வொரு செங்கல்லுக்கும் மெமோ தயாராக வைத்திருந்திருக்கிறார்!

சிரிப்பு அத்தோடு நின்றது. அடுத்து நான் போனது படுகொலை நினைவகம்.

1937 டிசம்பர் 13-ல் ஜப்பானிய ராணுவம் ஊருக்குள் நுழைந்தது. அடுத்த ஆறு வாரம் நடந்ததை இங்கே எழுத எனக்குத் தெம்பில்லை. வெளிச் சுவரில் 300000 என்ற எண்ணைப் பெரிதாகப் பொறித்திருக்கிறார்கள். உள்ளே எலும்புகள் கிடந்த குழியை அப்படியே கண்ணாடிக்குப் பின்னால் வைத்திருக்கிறார்கள். ஓர் இருட்டறையில் பன்னிரண்டு விநாடிக்கு ஒரு தடவை ஒரு சொட்டுத் தண்ணீர் விழுகிறது. கூடவே ஒரு முகம் வெளிச்சமாகி அணைகிறது. நான் அக்கவுண்ட்ஸ் ஆள், கை சும்மா இருக்குமா? ஆறு வாரத்தை விநாடியாக்கி மூன்று லட்சத்தால் வகுத்துப் பார்த்தேன். பன்னிரண்டு வந்தது. அப்புறம் அங்கே நிற்க முடியவில்லை.

ஜான் ராபே என்ற ஜெர்மானியர், ஸீமென்ஸ் கம்பெனி மேனேஜர், அப்போது இந்த ஊரில் இருந்தார். அதிலும் நாஜிக் கட்சி உறுப்பினர். ஊரை விட்டு ஓடியிருக்கலாம். ஓடவில்லை. மற்ற வெளிநாட்டுக்காரர்களோடு சேர்ந்து ஒரு பாதுகாப்புப் பகுதி அமைத்து, சுமார் இரண்டு லட்சம் பேருக்கு அடைக்கலம் கொடுத்தார். மேனேஜர்களில் இப்படியும் ஒருவர்.

வெளியே வந்து அரைமணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். பிறகு ஃபூஜிமியாவ். கன்ஃபூஷியஸ் கோயில், கடைத்தெரு, சின்ஹுவாய் ஆற்றில் விளக்குப் படகுகள். நம்ம பாண்டிபஜார் தீபாவளிக் கூட்டம்தான், புகையும் சத்தமும் மட்டும் வேறு தினுசு.

கோயிலை ஒட்டிப் பழைய அரசுத் தேர்வுக்கூடம். சர்வீஸ் கமிஷன் பரீட்சை எழுதி நொந்த ஆசாமிகள் அவசியம் பார்க்க வேண்டும்! மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை பரீட்சை. 20,000-க்கு மேல் சின்னச் சின்ன அறைகள். ஒவ்வொன்றிலும் இரண்டு பலகை. பகலில் ஒன்று மேஜை, ஒன்று பெஞ்ச். ராத்திரி இரண்டையும் சேர்த்துப் போட்டால் கட்டில். மூன்று கட்டமாக ஒன்பது நாள். சோறு, மை, தூரிகை எல்லாம் கையோடு. 1905-ல்தான் இந்தப் பரீட்சை முறையை ஒழித்தார்கள்.

இதில் கொடுமை என்ன தெரியுமா? ஆற்றுக்கு இந்தப் பக்கம் பரீட்சை ஹால். அந்தப் பக்கம் பாட்டும் கூத்துமாக அந்தக் காலத்துத் தாசி வீடுகள்! பையன்கள் எப்படித்தான் படித்தார்களோ.

மனைவி பட்டு கேட்டிருந்தாள். இந்த ஊர் 'யுன்ஜின்' ஜரிகைப் பட்டு பிரசித்தம். பெரிய தறியில் மேலே ஒருவர், கீழே ஒருவர் உட்கார்ந்து நாள் பூரா நெய்தால் ஐந்தாறு சென்டிமீட்டர்தான் வரும். விலைச் சீட்டைப் புரட்டினேன். ஸைபர்களை எண்ணினேன். மரியாதையாகத் திருப்பி வைத்துவிட்டேன்.

பக்கத்துக் கடையில் மழைப்பூக் கற்கள். தண்ணீர்க் கிண்ணத்தில் சிவப்பும் மஞ்சளுமாக ஜொலித்தன. கால்குலேட்டரில் கடைக்காரர் 120 தட்டினார், நான் 30 தட்டினேன். அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். 45-க்கு முடிந்தது.

பசி. 'நான்ஜிங்கிலிருந்து ஒரு வாத்தும் உயிரோடு தப்பாது' என்பது அவர்களே அடித்துக்கொள்ளும் ஜோக். உப்பு வாத்து, வாத்து ரத்தம் போட்ட சேமியா சூப். நம்மூர் ரத்தப் பொரியல் தின்று வளர்ந்தவனுக்கு என்ன பயம்? ஒரு சந்துக் கடையில் நுழைந்தேன். கடைக்கார அம்மாளுக்கு அறுபது வயதிருக்கும். சூடான சூப், ஈரல் துண்டு, பொரித்த டோஃபு, மேலே கொத்துமல்லி. ஆஹா!

காசு கொடுக்க மொபைலை எடுத்தால்... செத்துக் கிடக்கிறது!

அந்த ஊரில் மொபைல்தான் பர்ஸ், மேப், மொழிபெயர்ப்பாளர் எல்லாம். ரயில் 8.20-க்கு. மணி 6.40. அதை விட்டால், காலை ஒன்பது மணி வகுப்பில் சீனியர் முகத்தை எப்படிப் பார்ப்பது? பர்ஸில் ஒரே ஒரு 100 யுவான் நோட்டு. சூப் 18. நோட்டை நீட்டினேன். அந்தம்மா டிராயரைத் திறந்து காட்டினார். சில்லறை கிடையாது.

எனக்கு வியர்த்துவிட்டது. செத்த மொபைலைத் தூக்கிக் காட்டி, கையால் ரயில் போல ஓடவிட்டு, "கூ... சிக்கு புக்கு" என்றேன். கடையே சிரித்தது. அந்தம்மா மொபைலைப் பிடுங்கி, ஃப்ரீஸருக்குப் பக்கத்தில் இருந்த தன் சார்ஜரைக் கழற்றி அதில் சொருகினார். என்னை உட்கார வைத்து, ஒரு தம்ளர் வெந்நீரும் வைத்தார். எட்டு நிமிஷத்தில் மொபைலுக்கு உயிர் வந்தது. காசு போனதும் அவரே வாசல் வரை வந்து, மெட்ரோ இருக்கும் திசையைக் காட்டி, முதுகில் ஒரு தட்டு தட்டி, 'ஓடு' என்கிற மாதிரி ஏதோ சொன்னார்.

ஓடினேன். மூன்றாம் நம்பர் மெட்ரோவில் தெற்கு ஸ்டேஷன். கேட்டை நெருங்கும்போது மொபைல் மறுபடி அணைந்துவிட்டது. பாஸ்போர்ட்டைக் காட்டினேன். கதவு திறந்தது!

வீட்டுக்கு வந்து கற்களை மேஜை மேல் கொட்டினேன். காய்ந்து, சாம்பல் பூத்து, ரயில்வே லைன் ஜல்லி மாதிரி இருந்தன.

"இதுக்கா சீனா வரைக்கும் போனீங்க?" என்றாள். அப்புறம் என்ன நினைத்தாளோ, எவர்சில்வர் கிண்ணத்தில் தண்ணீர் எடுத்து வந்து ஒவ்வொன்றாகப் போட ஆரம்பித்தாள்.