இளவரசர் வில்லியமின் பாட்டி சூரத்துக்காரி!
எச்சில் பரிசோதனையில் வெளியான குடும்ப ரகசியம்

உங்கள் அம்மா, அவருக்கு அம்மா, அவருக்கும் அம்மா... இப்படி 7 தலைமுறை பெயர் சொல்ல முடியுமா? மூன்றாவதிலேயே முழி பிதுங்கும். இங்கிலாந்து இளவரசர் வில்லியமுக்குச் சொல்ல முடியும். அந்த வரிசை போய் நிற்கும் ஊர், நம்ம குஜராத்தின் சூரத்!

அவள் பெயர் எலிசா கெவார்க். கிழக்கிந்திய கம்பெனியில் வேலை பார்த்த ஸ்காட்லாந்துக்காரர் தியோடர் போர்ப்சுடன் குடும்பம் நடத்தினாள். 1812-ல் கேத்தரின் என்ற பெண் குழந்தை பிறந்தது.

கண்ணீர் கடிதம்

பிறகு துரை பம்பாய் போய்விட்டார். "என்னையும் அழைத்துக்கொள்ளுங்கள்" என்று கெஞ்சி எலிசா கடிதம் போட்டாள். பலிக்கவில்லை. சின்னஞ்சிறு கேத்தரினையும் ஸ்காட்லாந்துக்குக் கப்பல் ஏற்றி விட்டார்கள். 1820-ல் போர்ப்ஸ் ஊர் திரும்பும் வழியில் கப்பலிலேயே இறந்து போனார். உயிலில் எலிசா மனைவி அல்ல. வீட்டைக் கவனித்துக்கொண்டவள், அவ்வளவுதான்!

கேத்தரின் அங்கேயே வளர்ந்து, அபர்தீனைச் சேர்ந்த ஜேம்ஸ் குரோம்பியைக் கட்டிக்கொண்டாள். அவள் மகள் ஜேன். ஜேனின் மகள் ரூத். அவள் மகள் பெயரும் ரூத். அந்த ரூத்தின் மகள் பிரான்சஸ். பிரான்சசின் மகள்தான், 1997-ல் கார் விபத்தில் பலியான டயானா!

அர்மீனியரா, இந்தியரா?

எலிசா அர்மீனியப் பெண் என்றே குடும்பத்தில் சொல்லி வந்தார்கள். வெள்ளைக்காரக் குடும்பத்தில் 'கறுப்பு ரத்தம்' என்று சொல்ல அந்தக் காலத்தில் யாருக்கு வாய் வரும்?

2013-ல் குட்டு உடைந்தது. டயானாவின் தாய்வழி உறவினர்களின் எச்சிலை எடுத்து மரபணு சோதனை செய்தார்கள். தாயிடம் இருந்து மட்டுமே பிள்ளைக்கு வரும் ஒரு வகை மரபணு உண்டு. அப்பாவுக்கு அதில் பங்கே கிடையாது. அந்த மரபணு தெற்கு ஆசியாவைச் சேர்ந்தது, அதிலும் மிக அபூர்வமான ரகம் என்று தெரிய வந்தது.

அப்படியானால் அர்மீனியக் கதை முழுப் பொய்யா? அவசரப்படக் கூடாது. 'கெவார்க்' அர்மீனியப் பெயர்தான். சூரத்தில் அர்மீனிய வியாபாரிகள் நிறையப் பேர் இருந்தார்கள். எலிசாவின் அப்பா அர்மீனியராக இருக்கலாம். சோதனை காட்டுவது அவள் அம்மாவை மட்டும்தான். அந்த அம்மாவின் பெயரோ எந்தக் காகிதத்திலும் இல்லை. (நம் ஆபீஸ் பாரங்களிலும் காலம் காலமாக அப்பா பெயர்தானே கேட்டார்கள்!)

சூரத்து மரபணு வில்லியம், ஹாரி இருவர் உடம்பிலும் இருக்கிறது. ஆனால் ஆண்கள் இதைப் பிள்ளைகளுக்குக் கொடுக்க முடியாது. வில்லியமின் 3 குழந்தைகளுக்கும் வந்திருப்பது அவர்களுடைய அம்மா கேட்டின் வழிதான்.