சுறுசுறுப்பும் துடிப்பும்

மாணவர்களே! ஒருவரது ஊக்கத்தை எழுத்தில் காட்ட விரும்பும்போது நம் கை ஓர் அடைமொழியை நாடுகிறது. சுறுசுறுப்பான, விறுவிறுப்பான, கலகலப்பான, துடிப்பான என்பவற்றுள் முதலில் நினைவுக்கு வந்ததை எழுதிவிடுகிறோம். இவை யாவும் ஒரே பொருளன என்பது நம் எண்ணம். அஃது உண்மையன்று.

வேலையில் சோம்பாதவர் சுறுசுறுப்பானவர். எறும்பும் தேனீயும் சுறுசுறுப்பானவை. கதையோ ஆட்டமோ அடுத்து என்ன நிகழும் என்று நம்மை இழுத்துச் சென்றால் அது விறுவிறுப்பானது. பலர் கூடிப் பேசிச் சிரிக்கும் திருமண வீடு கலகலப்பானது. ஓரிடத்தில் நில்லாத சிறு குழந்தை துறுதுறுவென்று இருக்கிறது. இடம் மாற்றிப் பாருங்கள்: 'விறுவிறுப்பான எறும்பு' என்றால் நகைப்பே தோன்றும்.

இச்சொற்களின் பிறப்பையும் நோக்குங்கள். சுறுசுறு, விறுவிறு, கலகல, துறுதுறு என்பன இரட்டைக்கிளவிகள். இரட்டித்தே நிற்கும், பிரித்தால் அப்பொருள் தாரா. இதனைத் தொல்காப்பியம் சொல்லதிகாரத்தில் வகுத்துரைக்கிறது. ஒலியையும் குறிப்பையும் கொண்டு பிறந்தமையால், சொல்லும்போதே அசைவு நம் காதில் விழுகிறது. தமிழுக்கு வாய்த்த பெருஞ்செல்வம் இது.

'துடிப்பான' என்பதன் வழி வேறு. துடித்தல் என்பது விட்டுவிட்டு அசைதல். நெஞ்சு துடிக்கிறது, கண் துடிக்கிறது. துடி என்பது பாலை நிலத்துப் பறையின் பெயருமாகும். ஆயினும் தரையில் எறியப்பட்ட மீனும் துடிக்கிறது. வலியால் மனிதனும் துடிக்கிறான். ஆகவே இச்சொல்லில் உயிரும் உண்டு, வேதனையும் உண்டு. ஒரு மாணவர் தம் கட்டுரையில் 'எங்கள் ஊரின் துடிப்பான மருத்துவமனை' என்று எழுதியிருந்தார். படித்தவர்க்கு நோயாளிகளே கண்முன் வந்தனர்! இக்காலத்து விளம்பரங்களில் 'துடிப்பான வண்ணங்கள்' என்று காண்கிறோம். வண்ணத்துக்குப் பளிச்சென்ற, எடுப்பான என்னும் சொற்கள் நம்மிடம் இல்லையா? துடிப்பான இளைஞர் என்பது பொருந்தும். செயலுக்காக அவர் நெஞ்சு பதைக்கிறது அன்றோ?

பொருத்தமான சொல்லும் அளவு மீறினால் வெறும் ஓசையாகிவிடும். இதை நான் என் பிழையால் கற்றேன். தலைமையாசிரியனாக இருந்தபோது, பள்ளியை விட்டுச் செல்வோர்க்கு நன்னடத்தைச் சான்று எழுதித் தருவேன். எல்லார்க்கும் 'சுறுசுறுப்பான மாணவன்' என்றே எழுதிவந்தேன். ஒரு நாள் ஒருவன் தன் சான்றைத் திருப்பிக் கொண்டுவந்தான். "ஐயா, என் நண்பனுக்கும் இதையே எழுதியிருக்கிறீர்கள். அவன் வகுப்பில் உறங்குகிறான் என்று தாங்கள்தானே பலமுறை கண்டித்தீர்கள்?" என்று பணிவாகக் கேட்டான். முதலில் சினம் எழுந்தது; பின்னர் நாணமே மிஞ்சியது.

அவன் விடியுமுன் எழுந்து வீடுவீடாகப் பால் ஊற்றிவிட்டு, மிதிவண்டியில் பள்ளிக்கு வருபவன். ஒரு நாளும் காலந்தாழ்ந்ததில்லை. அச்செய்தியை அப்படியே எழுதிப் புதிய சான்று தந்தேன். 'சுறுசுறுப்பான' என்னும் சொல் அதில் இல்லை; படிப்பவர் அவனது சுறுசுறுப்பைத் தாமே உணர்வர். வேலை கேட்டுச் செல்லும் பிள்ளைக்கு அந்த இரண்டு வரிகளே துணை. அவற்றை நான் அதுவரை வீணாக்கியிருந்தேன்.

ஆதலின், மாணவர்களே, கடிதமோ கட்டுரையோ எழுதி முடித்தபின் ஒவ்வோர் அடைமொழியையும் கையால் மறைத்துப் படித்துப் பாருங்கள். பொருள் குறையவில்லையெனின் நீக்கிவிடுங்கள். குறைகிறதெனின், அவ்விடத்தில் ஒரு செயலைக் காட்ட இயலுமா என்று எண்ணுங்கள். இயலாதபோது, அந்தப் பொருளுக்கே உரிய அடைமொழியைத் தேடி இடுங்கள். பிறரைப் பற்றி எழுதும்போது இந்தக் கவனம் அவர்க்கு நாம் செலுத்தும் கடன்.