ஓகேயின் கல்லும் ஒரு குத்துவாளும்

வென்றவர் அடையாளங்கள் உலகெங்கும் ஓங்கி நிற்கின்றன. தோற்றவர் அடையாளங்களோ பழம்பெட்டியின் அடியிலும் புதர்மறைவிலும் கிடக்கின்றன. அவற்றைத் தேடுவார்க்குக் கண் மட்டும் போதாது, பொறுமையும் வேண்டும்.

யப்பானிய மறவராகிய சாமுராய்கள் கடல்கடந்த நாடுகளில் விட்டுச்சென்ற பொருள்களைப் பற்றிச் சிலகாலமாகப் படித்து வருகின்றேன். “சாமுராய் வாள்கள் அமெரிக்காவுக்கு எவ்வாறு போயின?” என்று மாணாக்கன் ஒருவன் வினவியதே இப்படிப்புக்குத் தோற்றுவாய். போரிற் கைப்பற்றியவை, விலைகொடுத்து வாங்கியவை என்பன எளிய விடைகள். குடியேறச் சென்றோர் தம் கையோடு கொண்டுசென்றவையும் உள என்பது பலர் அறியாத செய்தி.

பழைய சுவடுகள்

யப்பானியர் கடல்கடந்து குடியேறியது பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே நிகழ்ந்தது. சீயத்தின் பண்டைத் தலைநகராகிய அயுத்தியாவில் ஆற்றங்கரையில் யப்பானியச் சேரி ஒன்று இருந்தது. அதன் தலைவருள் ஒருவனான யமாதா நாகமாசா சீய மன்னனின் படையிற் பணிசெய்து உயர்ந்து, 1630இல் இறந்தான். வியட்நாமின் ஹோய் அன் துறைமுகத்தில் யப்பானியப் பாலம் என இன்றும் வழங்கும் கூரைவேய்ந்த பாலம் உண்டு. 1613இல் ஹசெகூரா என்னும் சாமுராய் தலைமையில் ஐரோப்பா நோக்கிப் புறப்பட்ட தூதுக்குழுவிற் சிலர் ஸ்பெயின் நாட்டிலேயே தங்கினர் என்பர். ஆங்கே கோரியா தெல் ரியோ என்னும் ஊரில் நூற்றுக்கணக்கானோர் இன்றும் ‘யப்போன்’ என்பதையே குடும்பப் பெயராகக் கொண்டிருக்கின்றனர். பொருள் அழிந்தபின்னும் சொல் நிற்கும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ?

1635இல் யப்பானிய அரசு தன் குடிகள் வெளிநாடு செல்வதைத் தடுத்தது. சென்றவர் திரும்பினால் மரணதண்டனை என்றும் விதித்தது. கடல்கடந்த சேரிகள் தாய்நாட்டுத் தொடர்பற்றுப் படிப்படியாகக் கரைந்தன. 1866இலேயே அக்கதவு மீண்டும் திறந்தது. திறந்து மூன்றாண்டுகள் செல்லுமுன் புறப்பட்ட ஒரு சிறு கூட்டத்தின் கதையே இங்கு யான் விரித்துரைக்க விழைவது.

அய்சுவின் வீழ்ச்சி

யப்பானின் வடகிழக்கில் அய்சு என்பது ஒரு சிற்றரசு. அதன் தலைநகர் வாகமற்சு; தலைவன் மற்சுதாயிரா கதமோரி. பேரரசரின் பெயரால் எழுந்த புதிய அணி ஷோகுன் ஆட்சியை வீழ்த்தியபோது, அய்சு பழைய அணியின்பால் நின்றது. 1868இல் அதன் கோட்டை ஏறத்தாழ ஒருமாத காலம் முற்றுகையிடப்பட்டு, முடிவில் வீழ்ந்தது. நகரில் எழுந்த புகையைக் கண்டு கோட்டை எரிகின்றது என மயங்கிய இளமறவர் இருபதின்மர், குன்றின்மேல் தம் வயிற்றைத் தாமே கிழித்தனர். ஒருவன் மட்டும் பிழைத்தான். எஞ்சியோர் பதினாறு பதினேழு வயதினர். இதனைப் படிக்குந்தோறும், அவ்வயதினரை நாடோறும் எதிரே இருத்திப் பாடஞ்சொல்லும் என் நெஞ்சு துணுக்குறுகின்றது.

கதமோரிக்கு ஆயுதம் வழங்கியும் ஆலோசனை கூறியும் துணைநின்றவன் யோன் ஹென்றி ஷ்நெல் என்னும் பிரசிய நாட்டான். யப்பானியப் பெண்ணை மணந்தவன். தோற்றவர்க்கு அந்நாட்டில் இனி வாழ்வில்லை எனக் கருதிய அவன், தன் மனைவி மக்களோடும் சில யப்பானியரோடும் கப்பலேறி, 1869 மே 20இல் சான்பிரான்சிஸ்கோவில் இறங்கினான். பின்னர் ஏனையோரும் வந்துசேர, அக்கூட்டம் இருபதின்மர்க்குச் சிறிது மேற்பட்டது. பட்டுப்புழு உண்ணும் முசுக்கட்டைக் கன்றுகள் 50,000 கொணர்ந்தனர் என்று அக்காலப் பத்திரிகைகள் எழுதின. தேயிலை வித்துக்களும் உடன் வந்தன.

அவர்கள் நிலம் வாங்கிய இடத்தின் பெயர் கோல்ட் ஹில். பொன்மலை என்பது பொருள். 1848இல் கலிபோர்ணியாவிற் பொன் கண்டெடுக்கப்பட்ட கொலோமா அதற்கு அண்மையிலுள்ளது. தமது பண்ணைக்கு இழந்த நகரின் பெயரையே இட்டு, வாகமற்சு என வழங்கினர்.

பொன் கெடுத்த நீர்

முதலாண்டு நம்பிக்கை தந்தது. தேயிலைச் செடியும் பட்டுக்கூடும் கலிபோர்ணியாப் பொருட்காட்சிகளில் இடம்பெற்றன. பின் வந்தது வறட்சி. கால்வாய் வழியே பாய்ந்த நீரிலோ சுரங்கக் கழிவின் இரும்புச்சத்துக் கலந்திருந்தது. பொன்தேடியோர் மலையைக் குடைந்து விட்ட நஞ்சு, தேயிலைத் தளிரைக் கருக்கியது. தாய்நாட்டிலிருந்து பொருளுதவியும் கிட்டவில்லை. கதமோரி உயிர்தப்பினானாயினும் ஆட்சி இழந்தான். பிற்காலத்தில் நிக்கோ ஆலயத்தின் தலைமைக் குருவானான்.

1871இல் ஷ்நெல் பணம் திரட்டி மீள்வேன் எனக் கூறிக் குடும்பத்தோடு புறப்பட்டான். மீளவே இல்லை. இரண்டாண்டு உழைத்தோர் அந்நிய மண்ணிற் கைவிடப்பட்டனர். அவர்தம் உழைப்பில் ஒரு குறையுமில்லை. நீரும் நிதியும் பொய்த்தன.

கூட்டம் சிதறியபின் மூவரின் கதை துலக்கமாகத் தெரிகின்றது. ஷ்நெல்லின் குழந்தைகளுக்குச் செவிலியாக வந்தவள் ஓகேய் என்னும் பெண். அயற்பண்ணைக்காரராகிய வீர்காம்ப் குடும்பத்தார் அவளை ஏற்றனர். அவ்வாண்டிலேயே காய்ச்சல் கண்டு இறந்தாள், வயது பத்தொன்பது. சாமுராய் குலத்தவர் எனப்படும் சகுராய் மற்சுநொசுகே அக்குடும்பத்தோடே வாழ்ந்து 1901இற் காலமானார். தச்சரான மசுமிசு குனிநொசுகே 1877இல் கெரி வில்சன் என்னும் பெண்ணை மணந்தார். அப்பெண்ணின் உடலில் ஓடியது ஆபிரிக்கக் குருதியும் அமெரிக்கப் பழங்குடிக் குருதியும். அவர்தம் வழியினர் கலிபோர்ணியாவில் வாழ்கின்றனர்.

எஞ்சியவை எவை?

இனிப் பொருள்களுக்கு வருவோம். குடிச்சின்னம் பொறித்த பட்டுக்கொடி ஒன்றையும், குத்துவாள் ஒன்றையும் வீர்காம்ப் குடும்பத்தார் தலைமுறை தலைமுறையாகப் பேணினர். அவை பின்னர்க் கொலோமா அரும்பொருட்சாலையைச் சேர்ந்தன. 1876இல் யப்பானிய அரசு சாமுராய்கள் வாள்தரித்து நடமாடுவதை விலக்கியது. தாய்நாட்டிற் பெருமை இழந்த படைக்கலம், உழவர் வீடொன்றில் அந்நியரின் அன்பினாற் காக்கப்பட்டமை நினைக்கத்தக்கது.

ஆயினும் வாள் தன் வரலாற்றைத் தானே சொல்லாது. பேணிய குடும்பத்தின் வாய்மொழி, அக்காலப் பத்திரிகைச் செய்தி, 1870ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பேடு ஆகியன ஒன்றுகூடி நின்றாலன்றி அது வெறும் இரும்பே. இன்று சாமுராய் வாள் என்றால் விலைபேசுவோர் பலர். அதனை ஏந்தியவர் யார், எத்துயரோடு ஏந்தினார் என்று கேட்போர் சிலர். பிறந்த இடம் அறியாத வாள் விலையுயர்ந்த பொருளாகலாம், வரலாற்றுச் சான்றாகாது.

வாளினும் தெளிவாகப் பேசுவன வேறிரண்டு உள. பண்ணைவீட்டின் அருகில் யப்பானிலிருந்து கொணர்ந்து நட்ட கேயாகி மரம் ஒன்று பேருருக்கொண்டு நிற்கின்றது. தேயிலை பட்டது, முசுக்கட்டை மறைந்தது. நிழலுக்கு வைத்த மரம் தழைத்தது.

மற்றையது குன்றின்மேல் உள்ள ஓகேயின் கல்லறைக்கல். சகுராய் அதனை எழுப்பினார் என்பது வழிவழிச் செய்தி. ஒருபுறம் ஆங்கிலமும் மறுபுறம் யப்பானிய எழுத்தும் அவள் பெயரைச் சொல்லுகின்றன. பண்டைத் தமிழர் நடுகல் எடுத்தது பெரும்பாலும் போரில் வீழ்ந்தார்க்கு. இங்கோ மறக்குலத்தவர் எனப்படும் ஒருவர் கல் எடுத்தது, வாளேந்தாத ஏழைச் செவிலிக்கு. தம் தலைவனுக்கு அன்று, தம் குலப்பெருமைக்கு அன்று. உடன் வந்து தனித்து இறந்த ஒரு பெண்ணின் பெயர் அழியாதிருத்தற்கு. சாமுராய் அறத்தைப் பற்றி எத்தனையோ நூல்கள் கூறுகின்றன. இக்கல் கூறுமளவுக்கு அவை என் உள்ளத்திற் பதியவில்லை.

1969இல், குடியேற்றத்தின் நூறாம் ஆண்டில், கலிபோர்ணியாவின் அப்போதைய ஆளுநர் றொனால்ட் றேகன் இவ்விடத்தை வரலாற்றுச் சின்னமாக அறிவித்தார். 2010இல் இயற்கைக் காப்புச் சங்கமொன்று வீர்காம்ப் குடும்பத்தாரிடமிருந்து 272 ஏக்கரையும் வாங்கிப் பாதுகாக்கத் தொடங்கியது. அய்சு வாகமற்சுவின் மலையொன்றிலும் இக்கல்லின் படிவம் நிறுவப்பட்டுள்ளது. ஊர் திரும்பாத பெண்ணின் பெயராவது ஊர் திரும்பிற்று.

பழம்பொருள் தேடுவோர் முதலில் வாளைத் தேடுவர், அது இயல்பு. வாளைக் கண்டபின் சற்றே நடந்து, அதனருகே வாழ்ந்தவரின் கல்லையும் மரத்தையும் தேடுதல் வேண்டும். அவற்றையும் சேர்த்துக் கண்டாலன்றி, வந்தவர் யார் என்பதை அறிந்தவராகோம்.