கூட்டுப் பணமும் பதிவுச் சான்றிதழும்

கிள்ளான் தெங்கு கிளானா சாலையில் கடை எடுக்க முதல் இல்லாத இளம்பெண் ஒருத்தி, பலகாரம் சுடுவதையோ ரவிக்கை தைப்பதையோ மணப்பெண் அலங்காரத்தையோ வீட்டிலிருந்தே தொடங்கும்போது, அவளுக்கு எளிதில் எட்டும் முதல் நகை அடகும் கூட்டுமாகவே இருக்கின்றது. கூட்டு என்பது உறுப்பினர்கள் மாதந்தோறும் சம தொகை செலுத்த, திரண்ட பணத்தை முறைவைத்து ஒருவர் எடுத்துக்கொள்ளும் ஏற்பாடாகும். கூட்டுப் பிடிப்பதைத் தொழிலாக நடத்துவதை மலேசியாவில் 1971ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்துள்ளதால், பிடிப்பவர் கைவிரித்துவிட்டால் போட்ட பணத்தை மீட்பது அரிது.

சட்டத்திற்குட்பட்ட கடனுக்கு முதற்படி பதிவு. 1956ஆம் ஆண்டு வணிகப் பதிவுச் சட்டத்தின்படி, தொழில் தொடங்கிய 30 நாள்களுக்குள் எஸ்.எஸ்.எம். எனப்படும் நிறுவன ஆணையத்தில் அதனைப் பதிய வேண்டும். அடையாள அட்டையிலுள்ள பெயரிலேயே நடத்தினால் ஆண்டுக்கு 30 வெள்ளி, தனி வணிகப் பெயர் வைத்தால் 60 வெள்ளி. ஒரு விருந்துச் சாப்பாட்டின் விலைகூட இல்லாத இக்கட்டணத்தைத் தடையென்று சொல்வதற்கில்லை. பதிவு, மாநகர் மன்ற உரிமம், உணவுத் தொழிலாயின் கையாளுநர் பயிற்சி, டைபாய்டு தடுப்பூசி என ஒவ்வொன்றுக்கும் வெவ்வேறு வாசல் ஏறவேண்டியிருப்பதே உண்மையான தடை.

கடன் தரும் அமைப்புகளுள் தெக்குன் நேஷனல், இந்தியச் சமூகத் தொழில்முனைவோருக்கென ஸ்புமி என்னும் திட்டத்தை நடத்துகிறது. அமானா இக்தியார் மலேசியாவின் வரலாறு இன்னும் சுவையானது. வங்காளதேசத்துக் கிராமீன் வங்கியை முன்மாதிரியாகக் கொண்டு 1986இல் வடமேற்குச் சிலாங்கூரில் சோதித்துப் பார்க்கப்பட்டு, 1987இல் அமைப்பாக உருப்பெற்ற அது, பிணைப்பொருள் கேட்காமல், பெண்களைச் சிறு குழுக்களாக இணைத்து, வாரத் தவணையில் கடனை வசூலிக்கிறது. கூட்டில் அண்டை வீட்டாரின் நம்பிக்கை ஆற்றும் வேலையை இங்கே குழு ஆற்றுகிறது எனலாம். இந்தியப் பெண்களுக்கென 5 கோடி வெள்ளி ஒதுக்கீட்டில் பென் என்னும் திட்டத்தை அது தொடங்கியது 2024இல்தான். மிகவும் காலந்தாழ்ந்த தொடக்கம் அது.

பதிவுக்கு மறுபக்கமும் உண்டு. தனியுடைமை வணிகத்தில் உரிமையாளரும் வணிகமும் சட்டப்படி ஒன்றே என்பதால், வணிகக் கடனுக்கு அவரது சொந்தச் சேமிப்பும் சொத்தும் பொறுப்பாகும். ஆகையால் கணவரோ அண்ணனோ நடத்தும் தொழிலுக்குத் தன் பெயரை மட்டும் இரவல் கொடுக்க எந்தப் பெண்ணும் இசையலாகாது.