'பார்த்தா நல்லாத்தானே இருக்கே?' - நாள்பட்ட நோயும், பாதி நாளில் தீர்ந்துபோகும் தெம்பும்!

பொழுது விடியும் முன்பே மாதவரத்தில் பல வீடுகளில் அடுப்பு எரியத் தொடங்கிவிடும். பிள்ளைகளுக்கு டிபன் பாக்ஸ், பெரியவர்களுக்குக் கஞ்சி, தண்ணீர் பிடிப்பது, பிறகு குடோனுக்கோ கம்பெனிக்கோ ஓட்டம். சர்க்கரை, தைராய்டு, முடக்குவாதம், சிறுநீரகக் கோளாறு என ஏதோ ஒன்றைச் சுமந்துகொண்டு ஓடுகிறவர்களுக்கு, 11 மணிக்கே கை கால் ஓய்ந்துவிடுகிறது. வெளியே காயம் இல்லை, காய்ச்சல் இல்லை. அதனால் வீட்டில் கிடைப்பது ஒரே பதில்தான்... 'பார்த்தா நல்லாத்தானே இருக்கே?'

சோம்பல் அல்ல!

வேலைக் களைப்பு தூங்கி எழுந்தால் போய்விடும். நாள்பட்ட நோயின் அசதி அப்படிப் போகாது. முடக்குவாதம், லூபஸ் போன்றவற்றில் உடலுக்குள் ஓயாமல் நடக்கும் அழற்சி தெம்பைத் தின்கிறது. சிறுநீரகம் பழுதானால், ரத்த சிவப்பணுக்கள் உருவாகத் தூண்டும் எரித்ரோபாய்டின் ஹார்மோன் குறைந்து ரத்தசோகை வருகிறது. டயாலிசிஸ் செய்பவர்கள் பலருக்கு வாரம் மூன்று முறை, தலா நான்கு மணி நேரம் மெஷினோடு போய்விடும். அன்றைய மிச்சப் பொழுது படுக்கையில். சர்க்கரை ஏறினாலும் அசதி, இறங்கினாலும் அசதி.

12 ஸ்பூன் கணக்கு

லூபஸ் நோயுள்ள அமெரிக்கப் பெண் கிறிஸ்டின் மிசரான்டினோ, இதைத் தோழிக்குப் புரியவைத்த விதத்தை 2003-ல் எழுதினார். உணவகத்தில் இருந்த ஸ்பூன்களைத் திரட்டித் தோழியின் கையில் கொடுத்தார். மொத்தம் 12. குளிக்க ஒன்று, உடுத்த ஒன்று என ஒவ்வொரு வேலைக்கும் ஒன்றைத் திரும்ப வாங்கினார். இரவுச் சாப்பாட்டு நேரத்தில் கையில் மிச்சம் ஒரே ஒரு ஸ்பூன். மாதக் கடைசியில் பர்ஸைப் பார்த்துச் செலவு செய்வது போலத்தான் இதுவும்.

என்ன செய்யலாம்?

* நல்ல நாளில் எச்சரிக்கை: 'இன்னிக்கு உடம்பு பரவாயில்லை' என்று போர்வை துவைப்பது, மாவு அரைப்பது, பரண் சுத்தம் செய்வது என எல்லாவற்றையும் ஒரே நாளில் முடித்தால், அடுத்த இரண்டு நாள் படுக்கைதான். ஒரு நாளைக்கு ஒரு கனமான வேலை போதும்.
* விழும் முன் ஓய்வு: சோர்ந்தபின் படுப்பதைவிட, வேலைக்கு நடுவே 10 நிமிடம் உட்காருவது பலன் தரும். காய் நறுக்குவது, துணி மடிப்பது எல்லாம் உட்கார்ந்தே செய்யலாம்.
* ஒரு வாரம் குறிப்பு: எந்த நேரத்தில், எதைச் செய்தபின் தெம்பு இறங்குகிறது என்று காலண்டரில் எழுதுங்கள். டாக்டருக்கு அது பெரிய உதவி.
* மாத்திரை நேரம்: தைராய்டு மாத்திரையை வெறும் வயிற்றில் தண்ணீரோடு போட்டு, அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்தே காபி. இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளுக்கு நான்கு மணி நேர இடைவெளி வேண்டும்.
* சர்க்கரை 70-க்குக் கீழ் இறங்கினால்: மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து குடித்து, 15 நிமிடத்தில் மறுபடி பரிசோதியுங்கள்.

'நடந்தா சரியாயிடும்' என்ற அறிவுரை எல்லோருக்கும் பொருந்தாது. சர்க்கரை நோயாளிகளுக்கு நடை நல்லதுதான். ஆனால், உழைத்த மறுநாள் மோசமாகும் நாள்பட்ட சோர்வு நோய்க்கு, உடற்பயிற்சியைப் படிப்படியாகக் கூட்டும் முறை வேண்டாம் என்று பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2021-ல் சொல்லிவிட்டது.

அலைச்சலைக் குறைக்க...

மூலக்கடை சிக்னல், கண்டெய்னர் லாரிகள், வெயில் எல்லாவற்றையும் தாண்டி ராயபுரம் பக்கம் ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்குப் போய் வருவதே பாதித் தெம்பைக் குடித்துவிடும். பி.பி., சர்க்கரை மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவரும் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021 ஆகஸ்ட் 5-ல் தொடங்கியது. இயன்முறை சிகிச்சையும் இதில் உண்டு. அருகிலுள்ள நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரிக்கலாம்.

கவனம்!

அசதி திடீரெனக் கூடினால் ஹீமோகுளோபின், தைராய்டு, சர்க்கரை, கிரியாட்டினின் பரிசோதனைகள் குறித்து டாக்டரிடம் கேளுங்கள். நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், மயக்கம், ஒரு பக்கம் கை கால் மரத்துப்போதல் இருந்தால் காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள்.

வீட்டில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: 'ஏன் படுத்திருக்கே?' என்பதற்குப் பதில், 'ராத்திரி சமையலை நான் பார்த்துக்கட்டுமா?' என்று கேட்டுப் பாருங்கள். அவர்களுக்கு ஒரு ஸ்பூன் மிச்சமாகும்.